மேலகரம் தாண்டினால் நடுங்கும் கை

1

முதலில் நான் நம்பிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் கௌரவம். எனக்குக் கைநடுக்க நோய் வந்துவிட்டது என்றும், குற்றாலத்து அருவி அதைத் தினமும் குணப்படுத்துகிறது என்றும், மறுநாள் விடிவதற்குள் அது திரும்ப வந்துவிடுகிறது என்றும் மூன்று வாரம் நம்பினேன். நாற்பத்துநான்கு வயது, இரண்டு நாட்டு ஓட்டுநர் உரிமம், பாதி நரைத்த தலை. இத்தனையும் வைத்துக்கொண்டு நம்பினேன்.

இதை இப்போது எழுதக் காரணம் ஆ சோங். மலாயாவில் நான் ஓட்டுநராக இருக்கும் இந்த ரப்பர் தோட்டத்தில் அவன்தான் பட்டறைக்காரன். மழைக்காலச் சேற்றில் வண்டியின் வயிறு தட்டுகிறது என்று துரை சொன்னதால், தோட்டத்து ஜீப்பை நாலு அங்குலம் உயர்த்திக்கொண்டிருந்தான். நான் குனிந்து பார்த்துவிட்டு, "அச்சுக்கு ஆப்பு வைக்காமல் மூடாதே, முப்பது மைல் வேகத்தில் ஆடும்" என்றேன் மலாயில். அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, இதை எங்கே படித்தாய் என்று கேட்டான். "மேலகரத்தில்" என்றேன். பெரிய தொழிற்பள்ளி என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. மரியாதையாகத் தலையாட்டினான். நானும் திருத்தவில்லை.

2

போன வருஷம் ஆனி மாதம் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு தென்காசிக்குப் போயிருந்தேன். இரண்டு மாத விடுப்பு. கூட மனைவி கோமதி, மகள் செண்பகம். மகள் பிறந்ததே இங்கேதான். தென்காசி ஸ்டேஷனில் இறங்கியதும் சாரல் முகத்தில் அடித்தது. நான் அதைத் துடைக்காமல் நின்றேன். அவள் குடை எங்கே என்று கேட்டாள்.

"அப்பா, உங்க ஊர்ல எப்பவுமே இப்படித் தூறிக்கிட்டே இருக்குமா?"

உங்க ஊர். நான் திருத்தவில்லை. நானே அன்று மாலை பேருந்தில் இறங்கவேண்டிய இடம் வந்ததும் "நிறுத்து" என்பதற்குப் பதில் "பெரந்தி! பெரந்தி!" என்று மலாயில் கத்தினேன். நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மகளைத் திருத்த எனக்கு என்ன யோக்கியதை?

ஊரில் எங்களைத் தாங்கியவன் கோமதியின் தம்பி குத்தாலிங்கம். வடகரைக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவனுக்கு ஒரு தென்னந்தோப்பு. போகிற வழியில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் அதைத் தாண்ட மாட்டுவண்டியே யோசிக்கும். அதற்காகப் பட்டாளத்தில் கழித்துக் கட்டிய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, ஸ்பிரிங் பட்டைகளோடு லாரிப் பட்டை ரெண்டைச் சேர்த்து, பட்டையைச் சட்டத்தோடு கோக்கும் தொங்குதகட்டை நீட்டி, வண்டியை ஏணி வைத்து ஏறும் உயரத்துக்குத் தூக்கியிருந்தான். கல்யாண மாப்பிள்ளையைக் காட்டுகிறமாதிரி என்னிடம் காட்டினான்.

"அத்தான், தண்ணி இடுப்பளவு வந்தாலும் இவன் போயிருவான். நீங்க இருக்க மட்டும் நீங்களே ஓட்டுங்க. எனக்குத் தோப்புக்குத் தேவைப்படுத அன்னைக்கு மட்டும் வாங்கிக்கிடுதேன்."

இந்த மனசுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன். அந்த ஜீப்பால் நான் பட்ட பாட்டுக்கு அவன் பொறுப்பில்லை.

3

முதல் நாள் காலை தனியாகக் குற்றாலத்துக்குக் கிளம்பினேன். மேலகரம் தாண்டியதும் சாலை நீளமாக, ஆளில்லாமல் கிடந்தது. கொஞ்சம் மிதித்தேன். ஒரு வண்டித்தடப் பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழுந்தது. அவ்வளவுதான். கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் என்றால் குளிர் நடுக்கம் இல்லை. விரலில் தொடங்கி முழங்கை, தோள் என்று ஏறிப் பல்லுக்கு வந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தேன். சட்டென்று நின்றது. ஓரமாக நிறுத்திக் கைகளைப் பார்த்தேன். சாதுவாக, ஒன்றும் தெரியாததுபோல மடியில் கிடந்தன.

ஒரு ஓட்டுநர் இந்த இடத்தில் வண்டியைச் சந்தேகப்பட வேண்டும். நான் என்னைச் சந்தேகப்பட்டேன். ஏனென்றால் வண்டி கெட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்ற திமிர். அதோடு பெரியப்பா நினைவு. அவருக்குக் கை நடுங்கும். திருநீறு நெற்றியைத் தவிர எல்லா இடத்திலும் விழும். சின்ன வயதில் அவரைப்போல் நடித்துக்காட்டித் தெருவையே சிரிக்க வைத்தவன் நான். பாவம் கப்பலேறி வந்து பதினோரு வருஷம் கழித்து மேலகரத்தில் காத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

பயம் சும்மா வரவில்லை. எங்கள் தோட்டத்தில் ஓட்டுநர்களுக்கு வருஷம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. டாக்டர் கையை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு தாளை வைப்பார். தாள் படபடத்தால் வேலை போயிற்று. வேலை போனால் ஓட்டுநருக்குக் கொடுத்த வீடும் போயிற்று. வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் கண்ணில் புரை விழுந்து அப்படிப் போனார். ஒரே வாரத்தில் அவர் சட்டி பானையை லாரியில் ஏற்றியவன் நான்தான். விடுப்பு முடிந்து திரும்பிய மறுநாளே எனக்குப் பரிசோதனை.

4

நோயை நிச்சயப்படுத்திக்கொண்டதால் வைத்தியத்தையும் நானே தேடினேன். எங்கள் பக்கத்தில் இதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை. பித்தம், நரம்பு, மூளைச் சூடு எதுவானாலும் எண்ணெய் தேய்த்து அருவிக்குக் கீழே நிறுத்து என்பார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர் என் தோளைப் பிடித்துப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணாச்சி, நரம்பு பூரா முறுக்கேறிக் கெடக்கு. ஒரு மண்டலம் விடாம குளிச்சா எறங்கிரும்."

"ஒரு மாசத்துல எறங்காதா?"

"நரம்புக்கு ரயில் நேரமெல்லாம் தெரியாது, அண்ணாச்சி."

எண்ணெயோடு போய் அருவிக்குக் கீழே நின்றேன். முதுகில் யாரோ மூட்டை மூட்டையாக அரிசி கொட்டுவதுபோல் விழுந்தது. அரைமணி நேரம் கழித்துப் பேச்சு மறந்து வெளியே வந்தேன். சீசன் காலம். வண்டியைக் கண்டதும் ஈரத்துணியோடு ஆறு பேர், "அண்ணாச்சி, தென்காசிக்குத்தானே?" என்று கேட்டுக்கொண்டே ஏறிவிட்டார்கள். கூட மங்குஸ்தான் கூடை, ரம்புத்தான் கூடை. திரும்பும்போது மேலகரத்தில் அதே வேகம், அதே பள்ளம். கை கல்லுப்போல் இருந்தது!

அருவித்தாயே என்று வாய்விட்டுச் சொன்னேன். பின்னால் இருந்த அம்மாள் ஒருத்தி, "பக்தியான ஆளு" என்றாள்.

மறுநாள் காலை போகும்போது நடுங்கியது. குளித்தேன். கூட்டம் ஏறியது. திரும்பும்போது நடுங்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. இதைவிட ஒரு வைத்தியத்துக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? அருவியின் சக்தி ஒரு நாள் தாங்குகிறது, மண்டலம் முடிந்தால் நிரந்தரமாகும் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டில் ரகசியமாகச் சோதனைகள் நடந்தன. செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து முற்றத்தைச் சுற்றினேன், சிந்தவில்லை. ஊசியில் நூல் கோத்தேன். முதல் தடவையிலேயே போயிற்று. நோய் ஒளிந்துகொள்கிறது என்று இன்னும் பயந்தேன். ஒரு மதியம் கோமதி வந்து பார்த்தபோது வரிசையாகப் பதினாலு ஊசியில் நூல் கோத்து வைத்திருந்தேன்.

"தையக்கடை வைக்கப் போறீங்களோ?"

எப்போதும் பதிலுக்குப் பதில் நக்கலடிக்கிறவன், "சும்மாதான்" என்றேன். அவள் அப்போதே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

செண்பகம் ஒரே ஒரு நாள் அருவியைப் பார்க்க வந்தாள், மாமன் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரோடு. வண்டி நிறைய ஆள். அன்று போகும்போதும் நடுங்கவில்லை. குழந்தைகளின் ராசி என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். கடைத்தெருவில் ரம்புத்தான் குவியலைப் பார்த்ததும் அவள் துள்ளினாள். "அப்பா! நம்ம ஊர்ப் பழம்!" என்றாள். விற்கிறவர், "பாப்பா எந்த ஊரு? இது குத்தாலத்துப் பழமுல்லா!" என்று சண்டைக்கு வந்தார். இருவருக்கும் நடுவில் நான் பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். இரண்டு ஊரும் எனக்கு இனித்தன. அந்தக் கவலைக்குள்ளும் அது ஒரு நல்ல நாள்.

5

சிக்கல் என்னவென்றால், மண்டலத்துக்கு நாற்பத்தெட்டு நாள். கப்பலுக்கு இருந்தது முப்பத்தைந்து. கப்பலை விட்டால் அடுத்த கப்பல் வருவதற்குள், மலாயாவுக்குள் திரும்பி நுழையும் அனுமதிச் சீட்டு காலாவதியாகிவிடும். அதன்பிறகு பதினோரு வருஷம் உழைத்த நாட்டுக்கு நான் அந்நியன். போனால் பரிசோதனையில் தோற்பேன். போகாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள். நோய் ஒன்றுதான், ஆனால் வாசல் இரண்டும் மூடியிருந்தன.

சீட்டை நீட்டிக்கக் கேட்டு மதராஸ் அலுவலகத்துக்கு எழுதலாம். அதற்கு அரசு மருத்துவரின் சான்று வேண்டும். சான்றுக்கான தாள் வாங்க ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்றேன். எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்.

"என்ன சீக்கு?"

"உடம்புக்குத்தான்... பொதுவா."

"பொதுவான்னு ஒரு கட்டம் இந்தத் தாள்ல கெடயாது. தலையா, வயிறா, காலா?"

"கட்டாயம் எழுதணுமா?"

"எழுதாம எப்படி? இதப் பாத்துத்தானே அங்கன உள்ள டாக்டரும் பாப்பாரு."

அங்கே உள்ள டாக்டர்! விரல்மேல் தாள் வைக்கும் அதே டாக்டர். எதை மறைக்க அவகாசம் கேட்கிறேனோ அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேட்கவேண்டும்.

"பெறவு வாரேன்" என்றேன்.

"சீக்கு என்னன்னு முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார். அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு அப்படி எத்தனை பேரோ.

அன்று வீட்டுக்கு வந்து துரைக்கு ஆங்கிலத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். நல்ல, திடமான கையெழுத்து. அந்த எழுத்தைப் பார்த்தாவது புத்தி வந்திருக்கலாம். வரவில்லை. கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தபாலில் சேர்க்க நல்ல நாள் பார்த்தேன். தென்காசியில் வெற்றிலைபாக்குக் கடை வைக்க இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

இடையில் ஒரு நாள் மலையில் பெருமழை. அருவியில் செம்மண் வெள்ளம். குளிக்கக்கூடாதென்று கயிறு கட்டிவிட்டார்கள். குளியல் இல்லாமல், ஏமாந்து நின்ற எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். கை நடுங்கவில்லை. யோசிக்கத் தெரிந்தவன் யோசித்திருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? குளிக்கக்கூட வேண்டாம், சாரல் பட்டாலே போதும் போலிருக்கிறதே என்று மெய்சிலிர்த்தேன்.

6

கடிதத்தைத் தபாலில் சேர்க்க நான் குறித்திருந்த காலை, கோமதி தானும் வருவதாகச் சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டாள். செண்பகம் மாமன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் அவளும் மட்டும். தபால் பெட்டியைப் பேசாமல் தாண்டிவிட்டேன். அவளுக்கு முன்னால் எப்படிப் போடுவது?

மேலகரம் தாண்டியது. மெதுவாகவே போகலாம் என்றுதான் இருந்தேன். பின்னால் ஒரு பேருந்து ஒலி எழுப்பி விரட்டியது. மிதித்தேன். பள்ளம். நடுக்கம் வந்துவிட்டது. இந்தத் தடவை அதுவரை இல்லாத வேகத்தில்.

கோமதி முன்னாலிருந்த கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்தாள். "ஏங்க! எனக்குக் கை நடுங்குதுங்க!"

திரும்பிப் பார்த்தேன். அவள் கை, தோள், காதுத் தோடு எல்லாம் நடுங்கின. நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஐயோ, தொற்றிவிட்டது என்று நினைத்தேன்.

"கோமு, மன்னிச்சிரு" என்று அலறினேன். "நான் முன்னாலேயே சொல்லியிருக்கணும்!"

"என்னத்த?"

"இந்த நோவ!"

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜீப்புக்குக் கதவு கிடையாது. வெளியே தலையை நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். "நோவு இருக்கட்டும். முன்சக்கரம் ஏன் இப்படித் தலையாட்டுது? அதுக்கும் அந்த நோவா? நிறுத்துங்க மொதல்ல!"

நிறுத்தினேன். பேருந்து திட்டிக்கொண்டே போயிற்று. சாலையோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா, அருவி, ஊசி, ஆஸ்பத்திரி ஜன்னல், கடைசியில் சட்டைப்பைக் கடிதம். அவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். கடிதத்தை வாங்கிப் பிரித்தாள். ஆங்கிலம் படிக்க வராவிட்டாலும் கடைசியில் இருந்த என் கையெழுத்து தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது.

"இத இன்னைக்குப் போடப் போனீங்களா?"

"ம்."

"மேல கொட்டுத தண்ணிகிட்ட சொல்லியிருக்கீங்க. எண்ண தேய்க்கவன்கிட்ட சொல்லியிருக்கீங்க. பக்கத்துல படுக்கவகிட்டச் சொல்லல. கை நடுங்குனா நான் வண்டியவிட்டு எறங்கிப் போயிருவேன்னு நெனச்சீங்களா?"

 அவள் கடிதத்தை நாலாகக் கிழித்து, காற்றில் விடாமல், இடுப்பில் செருகிக்கொண்டாள். "வண்டியத் திருப்புங்க. மெதுவா."

7

குத்தாலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு பேட்டைக்குப் போனோம். அங்கே பட்டறை வைத்திருந்தவர் மைதீன் பாய். யுத்தகாலத்தில் பட்டாளத்தில் இதே ஜீப்புகளைப் பிரித்துக் கோத்தவர். பேசுவதைவிட முனகுவது அதிகம். வண்டிக்கு அடியில் படுத்து ஒரு பார்வை பார்த்தார். வெளியே வந்ததும் குத்தாலிங்கத்தைத்தான் முறைத்தார்.

"யாரு வே இத இப்படித் தூக்குனது?"

"நானே கொல்லன வச்சுப் பண்ணேன், பாய். ஓடை தாண்டணும்லா."

"ஓடையத் தாண்டுவீரு. ரோட்ட எப்படித் தாண்டுவீரு?" சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளை இழுத்து வந்து அதன் முன் கவட்டையைக் காட்டினார். "இது நட்டுக்க நேராவா நிக்கு? சாஞ்சில்லா நிக்கு. அந்தச் சாய்வு இருக்கப் போயித்தான் கைய விட்டாலும் நேரா ஓடுது. ஒம்ம ஜீப்புக்கும் முன் அச்சுல அந்தச் சாய்வு உண்டு. தொங்குதகட்ட நீட்டித் தூக்கினீரு, அச்சு உருண்டுபோயி சாய்வு போச்சு. இப்பம் சக்கரத்துக்கு எந்தப் பக்கம் பாக்கணும்னே தெரியல. ஒரு பள்ளத்துல விழுந்தா ரெண்டு பக்கமும் பாக்குது."

"என் கையில ஒருநாளும் ஆடலியே, பாய்!" என்றான் குத்தாலிங்கம்.

"நீரு என்னைக்கு வெறும் வண்டி ஓட்டினீரு? போகும்போது எரு, வரும்போது தேங்கா. பின்பக்கம் அமுங்குனா முன்மூக்கு தூக்கும், போன சாய்வு திரும்பி வந்துரும்."

நான் விரல்விட்டு எண்ணினேன். ஈரத்துணியோடு ஏறிய ஆறு பேர். மங்குஸ்தான் கூடை. மாமன் வீட்டுப் பிள்ளைகள். கயிறு கட்டிய நாளில் ஏமாந்து ஏறிய எட்டுப் பேர். என்னைத் தினமும் குணப்படுத்தியது தென்காசிக்காரர்களின் எடை.

வேலை நாலு நாள் நடந்தது. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த இரும்பு ஆப்பு இரண்டைக் கடைந்து, ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே வைத்தார் பாய். சாய்வு திரும்பியது. அடுத்தது ஸ்டியரிங். பெட்டியிலிருந்து முன்னால் போகும் கம்பி, பழைய உயரத்தில் மட்டமாகக் கிடந்தது, இப்போது செங்குத்தாய் இறங்கியிருந்தது. அதனால் சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் கம்பி தானாகவே சக்கரத்தைத் திருப்பியது. அந்தக் கம்பியைத் தள்ளும் பெட்டியின் கை இன்னும் கீழே இறங்கினால்தான் கம்பி மட்டமாகும். பழுக்கக் காய்ச்சி வளைத்துவிடலாம் என்றான் குத்தாலிங்கம். பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"காய்ச்சி வளைச்ச கை ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம ஒடியும். அன்னைக்கு உள்ள இருக்கது ஒம்ம அக்காவா இருக்கும். வேற பட்டறையப் பாத்துக்கிடும்."

மதுரைப் பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, பல் பொருந்தும் நீளக் கை ஒன்றைக் குத்தாலிங்கமே வாங்கி வந்தான். கழன்று ஆடிய மூட்டுகளுக்கும் புதுசு போட்டார்கள். எனக்காக அவன் தன் தோப்பு வேலையை விட்டுவிட்டு அலைந்தான். "அத்தான், ஒங்கள சாகடிக்கப் பாத்தேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "அதுக்கு நீ இன்னும் கொஞ்சம் தூக்கியிருக்கணும் மாப்ளே" என்றேன். என் வாய் திரும்பி வந்ததில் எல்லாரையும்விடக் கோமதிக்குத்தான் நிம்மதி. அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் வெறும் வண்டியில், மேலகரம் தாண்டி, முப்பத்தைந்து மைல் வேகத்தில் அந்தப் பள்ளத்தில் வேண்டுமென்றே விட்டேன். ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து ஒரு கணம் கையை எடுத்துப் பார்த்தேன். வண்டி நேராகப் போயிற்று. பக்கத்தில் இருந்த பாய், "கையை வையும்" என்று முனகினார்.

அருவியையும் நான் குறை சொல்லமாட்டேன். இல்லாத நோய்க்கு அது வைத்தியம் செய்யவில்லை, அவ்வளவுதான். மூன்று வாரம் என் தலையைக் குளிர வைத்தது. மிச்ச நாட்களிலும் போய்க் குளித்தேன், வெறும் சந்தோஷத்துக்காக.

8

சொன்ன நாளில் கப்பல் ஏறினோம். பினாங்கில் அனுமதிச் சீட்டில் முத்திரை விழுந்தபோது அதற்கு இன்னும் ஒன்பது நாள் உயிர் இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். விரல்மேல் தாளை வைத்துவிட்டு ஊரில் மழை எப்படி என்று கேட்டார். நல்ல சாரல் என்றேன். தாள் அசையவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

என் கைக்கு ஒரு நோயும் இருந்ததில்லை. முன் அச்சு சாய்வை இழந்திருந்தது. பாய் இரண்டு ஆப்பு வைத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனேன்.